கடலுக்குப் போன மணி

மேல்கோட்டையிலிருந்து கடல் வெகுதூரம். மைசூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினால் கண்ணில் படுவன குன்றும், குன்றின் உச்சியில் யோக நரசிம்மர் கோவிலும், கீழே நாற்புறமும் கற்படிகள் இறங்கும் கல்யாணிக் குளமும்தான். ஆயினும் இவ்வூரில் பவளம் என்ற சொல் நாள்தோறும் புழங்குகிறது. திருநாராயணர் சன்னிதியைச் சுற்றிய வீடுகளில் ஆழ்வார் பாசுரங்களுக்கு உரை படிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆறாயிரப்படியும் ஈடு முப்பத்தாறாயிரப்படியும் எந்த நடையில் எழுதப்பட்டவையோ அந்த நடைக்குப் பெயர் மணிப்பிரவாளம். தமிழும் வடமொழியும் கலந்த அந்த நடையின் பெயரிலேயே ஒரு மணியும் ஒரு பவளமும் இருக்கின்றன. மாணிக்கத்தையும் பவளத்தையும் ஒரே சரட்டில் கோத்தால் இரண்டும் சிவப்பாக இருப்பதால் வேறுபாடு தெரியாது என்று 14-ஆம் நூற்றாண்டுக் கேரள இலக்கண நூலான லீலாதிலகம் இப்பெயருக்கு விளக்கம் தருகிறது.

மொழியியல் படித்தவளுக்கு இந்த உவமை மிகவும் பிடித்திருந்தது. என் ஆய்வேட்டின் முதல் இயலை இதைக் கொண்டுதான் தொடங்கியிருந்தேன். உயிருள்ள பவளத்தை நான் அதுவரை பார்த்ததில்லை என்பது அப்போது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

அது ஒரு விந்தையான குறைதான். ஏனெனில் நான் பிறந்தது இராமநாதபுரம் கடற்கரையில். மண்டபத்துக்கு அருகில் எங்கள் பாட்டனார் வீட்டின் பின்சுவர் முருகைக்கல்லால் ஆனது. தேன்கூட்டைக் கல்லாக்கியது போன்ற அதன் துளைகளில் சிறுவயதில் விரல் நுழைத்து விளையாடியிருக்கிறேன். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைப் பார்த்தவர்கள் அக்கல்லை அங்கும் கவனித்திருக்கலாம். அது ஒருகாலத்தில் உயிருடன் கடலடியில் வளர்ந்தது என்று எங்கள் வீட்டில் எவரும் சொன்னதில்லை. வீட்டாருக்கு அது கல். சுண்ணாம்புக் காளவாய்க்காரருக்கு அது சுண்ணாம்பு.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பவளத்திட்டுகளிலிருந்து அக்கல் பல்லாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டது. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் திட்டு கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அலைகளைத் தடுத்துநின்ற திட்டுகள் குறைந்ததால் கரை அரிக்கப்பட்டு, பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்தன. ஒரு தீவு மூழ்குவதில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கும் ஒரு சிறு பங்கு இருக்கக்கூடும் என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் அறிந்துகொண்டேன்.

பவளம் என்ற ஒரே சொல் இரு வேறு பொருள்களின் மேல் அமர்ந்திருப்பதையும் அதன்பிறகே கண்டேன். நகைக்கடையில் விற்கும் செம்பவளம் மத்தியதரைக் கடலில் வளர்வது. அதை இந்தியர்கள் பெரிதும் விரும்புகிறார்கள் என்று முதல் நூற்றாண்டில் உரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்தார். சங்கப் பாடல்களில் துகிர் என்று வருவது இத்தகைய அணிகலப் பவளமே. அதன் சிவப்பு எலும்புக்கூட்டிலேயே ஊறியிருப்பதால் அவ்வுயிர் மாண்ட பின்னும் நிறம் போவதில்லை. திட்டு கட்டும் பவளம் வேறு இனம். அதன் எலும்புக்கூடு வெண்சுண்ணாம்பு. அதன் நிறமெல்லாம் மேலே படர்ந்த உயிர்த்தசையிலும் அத்தசைக்குள் குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசிகளிலும் இருக்கிறது. கடலிலிருந்து எடுத்த சில நாட்களில் அது வெளிறிவிடும். எங்கள் கரையில் இதற்குப் பவளம் என்ற பெயரே கிடையாது. அது முருகைக்கல், அது விளையும் இடம் பார். 'பவளப்பாறை' எங்களுக்குப் பாடப்புத்தகத்தின் வழியாக வந்த சொல்.

இவ்வளவும் முன்னுரை. சொல்ல வந்தது நான் செய்த ஒரு பிழையைப் பற்றி.

என் ஆய்வு மேல்கோட்டை வைணவக் குடும்பங்களின் வீட்டுத் தமிழைப் பற்றியது. பல நூற்றாண்டுகளாகக் கன்னட நாட்டில் வாழ்ந்து, வெளியே கன்னடமும் வீட்டுக்குள் தமிழும் பேசி, பாசுரங்களைக் கன்னட எழுத்தில் அச்சிட்ட புத்தகங்களிலிருந்து ஓதும் மக்களின் மொழி. சமையல் அங்கே தளிகை, இரசம் சாத்தமுது, பாயசம் திருக்கண்ணமுது. இவற்றோடு கன்னடச் சொற்களும் கன்னடத் தொடரமைப்பும் எந்தத் தடுமாற்றமும் இன்றிக் கலந்து வரும்.

எனக்கு இம்மொழியைக் கற்பித்தவர் எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி. பெயரைத் தவிர்க்கிறேன். நான் அவரிடம் முதலில் குறித்துக்கொண்ட சொல் 'சாகு'. கன்னடத்தில் அதற்குப் 'போதும்' என்று பொருள். அவர்கள் அதன் ககரத்தை வல்லொலியாகவே உச்சரிப்பார்கள். ஆனாலும் என் தமிழ்க் காது முதல்முறை அதைச் சாவோடு சேர்த்தே கேட்டது. எனக்கு மோர் ஊற்றிவிட்டு, "சாகா?" என்று அவர் வினவியபோது திடுக்கிட்டு நிமிர்ந்தேன். அன்று அவர் சிரித்த சிரிப்பு என் முதல் ஒலிப்பதிவில் இருக்கிறது.

ஓராண்டு கழித்து ஒரு கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினேன். அதில், 'கன்னடத் தாக்கத்தால் சிதைந்து, அழியும் நிலையிலுள்ள வீட்டுத் தமிழ்' என்று ஒரு தொடர் இருந்தது. ஆய்வுலகில் நாள்தோறும் எழுதப்படும் வாய்பாட்டுத் தொடர் அது. ஒருகணமும் யோசிக்காமல் எழுதினேன். அச்சுருக்கம் இணையத்தில் வெளியாயிற்று. பெங்களூருவில் இருக்கும் பாட்டியின் பேரன் அதைக் கைப்பேசியில் பார்த்து விடுமுறைக்கு வந்தபோது அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்.

அடுத்தமுறை நான் போனபோது பாட்டி வழக்கம்போல் உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார். "போதுமா?" என்று கேட்டார். நான் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து வைத்ததும் அவர் பேசிய தமிழ் வேறாக இருந்தது. உபந்நியாசம் செய்பவரைப் போல ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்துப் பேசினார். பவளம் என்று எப்போதும் சொல்பவர் அன்று ழகரத்தை அழுத்திப் 'பவழம்' என்றார். நாற்பது நிமிடங்களில் ஒரு கன்னடச் சொல்கூட வரவில்லை. நான் கருவியை அணைத்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "என் வாய்ல இருக்கறது செத்துப்போறதுன்னு எழுதினயாமே."

எனக்கு விடை தெரியவில்லை. 'நான் அந்தப் பொருளில் எழுதவில்லை' என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தப் பொருளில்தானே எழுதியிருந்தேன்?

மொழியியலில் பார்வையாளர் முரண் என்று ஒன்று உண்டு. வில்லியம் லபோவ் அதைத் தெளிவாக எடுத்துரைத்தார். மக்கள் தங்களை யாரும் கவனிக்காதபோது எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அறிவதே நம் நோக்கம்; ஆனால் கவனிக்காமல் அறிய வழியில்லை. முதுகலையில் அதைத் தேர்வுக்காகப் படித்தேன். கவனிப்பவள் தான் கண்டதற்குத் தவறான பெயரும் இட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை எந்தப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை. அதன்பின் ஐந்து மாதங்கள் பாட்டி என்னிடம் குறையில்லாத தமிழில் பேசினார். என் ஆய்வுக்கு அதில் ஒரு வரியும் பயன்படவில்லை.

வைரமுடி உற்சவம் முடிந்து ஊரில் கூட்டம் வடிந்த ஏப்ரல் மாதத்தில், உடன் ஆய்வு செய்யும் தோழிகள் இருவர் நேத்ராணிக்கு அழைத்தார்கள். கர்நாடகக் கடற்கரையில் முருதேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 19 கி.மீ. தொலைவில் அரபிக்கடலில் நிற்கும் பாறைத்தீவு அது. அதைச் சுற்றிய நீரடிப் பாறைகளில் பவளம் படர்ந்திருக்கிறது. மழைக்காலம் தொடங்கிவிட்டால் படகுகள் போகா. எங்கள் மன்னார் வளைகுடாவில் வாய்க்காதது கன்னடக் கரையிலாவது வாய்க்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன். உண்மையில் மேல்கோட்டையிலிருந்து சில நாட்கள் தப்பிப் போவதே எனக்கு வேண்டியிருந்தது.

விடைபெறச் சென்றபோது பாட்டி கேட்டார். "சமுத்ரத்துல முழுகப் போறயா?" ஆம் என்றேன். "முழுகினவாதான் ஆழ்வார். நாமெல்லாம் கரையில நின்னு சேவிக்கறவா," என்றார்.

அந்தச் சொல்லிலும் ஒரு வழக்கு இருக்கிறது. இறையனுபவத்தில் ஆழ்ந்தவர் என்பது வழிவழியான விளக்கம். கல்வெட்டுகளை ஆராய்ந்த அறிஞர் எஸ். பழனியப்பன், பழைய வடிவம் 'ஆள்வார்' என்றும், ளகரம் ழகரமாகத் திரிந்த பிறகு எழுந்ததே ஆழ்தல் விளக்கம் என்றும் வாதிட்டிருக்கிறார். அவர் வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது. வேறொரு நாளாக இருந்தால் அதைப் பாட்டியிடம் விளக்கியிருப்பேன். அன்று வாயைத் திறக்கவில்லை.

அவர் உள்ளே போய் ஒரு சிறு பித்தளைச் செப்பைக் கொண்டுவந்தார். அதில் சரடு அறுந்துபோன அவருடைய பவள மாலையின் மணிகள் இருந்தன. திருமணத்தின்போது தாய் கொடுத்தது என்றார். ஒரு மணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இதுவும் அங்கேருந்து வந்ததுதானே? ஒருதரம் தீர்த்தமாடிட்டு வரட்டும்," என்றார். அந்தப் பவளம் வந்த கடல் வேறு என்பதையும் நான் சொல்லவில்லை. கருப்பு நூலில் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.

மைசூரிலிருந்து இரவு இரயிலேறி முருதேஸ்வரம் சேர்ந்து, மறுநாள் காலை படகில் புறப்பட்டோம். கரையிலுள்ள பெரிய சிவன் சிலை கைப்பிடியளவாகச் சுருங்கும்வரை எங்கள் பயிற்சியாளர் பேசிக்கொண்டே வந்தார். அக்கரையிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர். என் கன்னடத்தைக் கேட்டதும், "அக்கா, நீங்கள் ஐயங்கார் வீட்டில் கன்னடம் படித்தவரா?" என்று சிரித்தார். என் வாயிலும் ஒரு வீட்டின் தடம் பதிந்திருக்கிறது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார்.

ஸ்கூபா என்பதே ஒரு முதலெழுத்துச் சொல். 'நீரடியில் மூச்சுவிடத் தன்னகத்தே காற்றைக் கொண்ட கருவி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவாக்கினார்கள். இன்று நாம் முதுகில் சுமக்கும் இக்கருவியின் முன்னோடியை 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் வடிவமைத்தனர். அதற்கு முன்பு எங்கள் கரையில் முத்தும் சங்கும் குளித்தவர்களுக்கு நெஞ்சிலிருந்த ஒரு மூச்சுதான் கருவி. கால்களில் கல்லைக் கட்டி இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் சிப்பிகளைத் திரட்டிக்கொண்டு கயிற்றை அசைத்தால், மேலிருப்பவர் இழுத்துக்கொள்வார். தமிழ் அதை முத்துக்குளித்தல் என்றது. உயிரைப் பணயம் வைக்கும் ஒரு தொழிலுக்கு நீராடலின் பெயர். ஒரு நிமிடத்துக்குள் சிப்பியைத் தவிர வேறு எதைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்கும்?

பயிற்சியாளர் சொன்ன முதல் விதி, எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கக்கூடாது என்பது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்காகிறது. அங்கே நுரையீரலை நிரப்பும் காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். அடக்கிவைத்தால் நுரையீரலைக் கிழித்துவிடும். முத்துக்குளித்தவர் கற்ற முதல் பாடத்துக்கு நேர்மாறான பாடம். இரண்டாவது விதி, ஓரிரு அடி இறங்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும். மூன்றாவது, எதையும் தொடக்கூடாது. நான்காவது, சைகைகள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் வட்டமாகச் சேர்ந்தால் 'நலம்'. உள்ளங்கையை விரித்து இருபுறமும் ஆட்டினால் 'ஏதோ சரியில்லை'. கட்டைவிரலை மேலே நீட்டினால் 'மேலே போவோம்'.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறி என்பதை இரண்டு ஆண்டுகள் மாணவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். இருந்தும் முதல்முறை நான்கு மீட்டர் இறங்கியதும், மகிழ்ச்சி மிகுதியில் பயிற்சியாளரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். அவர் முகம் மாறியது. உடனே என்னைப் பிடித்து மெதுவாக மேலே கொண்டுவந்துவிட்டார். தலை நீருக்கு வெளியே வந்ததும், "என்ன ஆயிற்று அக்கா?" என்று பதறினார். ஒன்றும் ஆகவில்லை, 'அருமை' என்றுதான் சொன்னேன் என்றேன். படகிலிருந்த தோழிகள் சிரித்த சிரிப்பு இன்றும் ஓயவில்லை. அந்தக் கடலடியில் அச்சைகைக்கு ஒரே பொருள்தான். நான் என் ஊர்ப் பொருளைக் கொண்டுபோயிருந்தேன்.

மறுமுறை இறங்கினோம். காதுகளுக்குள் மெல்லிய சத்தம் கேட்டு அழுத்தம் சமனாயிற்று. பிறகு என் மூச்சின் ஒலியைத் தவிர எதுவும் இல்லை. சற்று நேரம் கழித்துத்தான் வேறொரு ஒலியைக் கவனித்தேன். கறுக், கறுக் என்று யாரோ பாறையைச் சுரண்டும் ஒலி. எங்கள் கரையில் கிளிமீன் என்போமே, அந்த மீன் தன் அலகால் பாறையைக் கொறித்துப் பாசி தின்றுகொண்டிருந்தது. சுவையற்ற சுண்ணாம்பை அது மணலாகக் கழித்துவிடும். கடற்கரையில் நாம் வீடு கட்டி விளையாடிய மணலில் இதன் உழைப்பும் கலந்திருக்கிறது.

ஒன்பது மீட்டரில் பாறைச் சரிவு ஒன்றின் அருகே நின்றோம். நின்றோம் என்பது சரியான சொல் அன்று, மிதந்தோம். மூச்சை இழுத்தால் உடல் சற்று எழும்பும், விட்டால் சற்றுத் தாழும். கையைக் காலை உதறினால் எல்லாம் கெடும். நான் முதலில் உதறினேன். என் காற்றுக்குமிழிகளும் கால்துடுப்பும் கிளப்பிய கலக்கத்தில் மீன்கள் எல்லாம் இடுக்குகளுக்குள் போய்விட்டன. எதிரே கல் மட்டுமே இருந்தது. பயிற்சியாளர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல அமர்த்திக் காட்டினார். பொறு.

பொறுத்தேன். இரண்டு நிமிடம் இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். முதலில் ஒரு வண்ணத்துப்பூச்சி மீன் வந்தது. பிறகு அதன் இணை. ஒரு களவா மீன் பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தது. மேலே வெயில் ஊடுருவும் இடத்தில் சீலா மீன் கூட்டம் ஒன்று ஒரே உடலைப்போல் திரும்பிப் போயிற்று. கல் என்று நான் நினைத்தது கல்லாக இல்லை. அருகில் பார்த்தால் எங்கள் பின்சுவரின் அதே தேன்கூட்டுத் துளைகள். ஆனால் ஒவ்வொரு துளையிலும் ஓர் உயிர் குடியிருந்தது. விரல் நுழைத்து விளையாடிய அத்துளைகள் எவருடைய வீடுகள் என்பதை என் கண்ணால் கண்டது அப்போதுதான்.

பாட்டியின் மணி நினைவுக்கு வந்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். அது சிவப்பாக இல்லை. பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு மங்கலான மணி என் கையில் கட்டப்பட்டிருந்தது. நெஞ்சு துணுக்குற்றது. உப்புநீர் சாயத்தைக் கரைத்துவிட்டதோ, அவர் தாய் கொடுத்தது போலியோ என்றுகூட ஒருகணம் எண்ணினேன். நான் மணியையே பார்ப்பதைக் கண்ட பயிற்சியாளர் தம் கைவிளக்கை அதன்மேல் அடித்தார். மணி சுடரிட்டது. அப்படியொரு சிவப்பை வெயிலில்கூட நான் கண்டதில்லை. விளக்கை அணைத்தார், மீண்டும் சாம்பல்.

காரணம் எளிது. கதிரவன் ஒளியில் நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். பொருளில் நிறம் இருக்கிறது; அதைக் காட்டும் ஒளி அங்கு எட்டுவதில்லை. சிவப்புக்கே உவமையாகத் தமிழ் வைத்திருக்கும் பொருள் கடலுக்கடியில் சிவப்பாகத் தெரிவதில்லை.

மேலே வரும் வழியில் அச்சரிவின் ஓரத்தில் தட்டளவு ஒரு பவளம் முழு வெண்மையாக இருந்தது. சுற்றியிருந்த பழுப்பு, பச்சைகளுக்கு நடுவே அது எலும்பைப்போல் தெரிந்தது. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் தங்கிவிட்டுப் படகில் ஏறியதும், "அங்கே ஒன்று செத்துக் கிடக்கிறது," என்று பயிற்சியாளரிடம் கன்னடத்தில் சொன்னேன்.

"சாகவில்லை அக்கா," என்றார் அவர். "பட்டினி கிடக்கிறது."

பிறகு விளக்கினார். நானும் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். தசைக்குள் வாழும் பாசி ஒளியிலிருந்து உணவு சமைத்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளத்தின் உணவில் பெரும்பகுதி அதுவே. கடல்நீர் வழக்கமான கோடையின் உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகையளவு கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே இந்த உறவு முறிகிறது. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. அப்போது தசை கண்ணாடிபோல் ஆகி, உள்ளேயிருக்கும் வெள்ளை எலும்பு தெரிகிறது. பார்ப்பவருக்கு அது பிணம். உயிரோ இன்னும் இருக்கிறது. வெப்பம் தணிந்தால் பாசி மீண்டும் குடியேறும், நிறம் திரும்பும். தணியாவிட்டால் பசியில் மடியும். 1998-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவிலும் இலட்சத்தீவுகளிலும் பெருமளவில் இவ்வெளுப்பு நேர்ந்தது. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காம் வெளுப்பு நிகழ்ந்துகொண்டிருப்பதாக அறிவியலாளர்கள் அறிவித்தார்கள். பல இடங்களில் பவளங்கள் மீளவில்லை. எனவே 'சாகவில்லை' என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. ஆனால் வெளுத்ததற்கும் செத்ததற்கும் வேறுபாடு தெரியாத ஒருத்தி, பார்த்த மாத்திரத்தில் இறப்புச் சான்றிதழ் எழுதக்கூடாது.

திரும்பும் வழியெல்லாம் நான் அந்தச் சுருக்கத்தின் தொடரையே எண்ணிக்கொண்டு வந்தேன். மொழியைப் பவளத்தோடு முழுவதும் ஒப்பிட முடியாது. வெப்பத்தைப் பவளம் தேர்ந்தெடுப்பதில்லை. பேரனோடு எந்த மொழியில் பேசுவது என்பதைப் பாட்டி தேர்ந்தெடுக்கிறார். அவருடைய பேரப்பிள்ளைகள் தமக்குள் ஆங்கிலமும் கன்னடமும் பேசுகிறார்கள் என்பதும், இன்னும் இரண்டு தலைமுறையில் இத்தமிழ் என்னவாகும் என்ற கேள்வியும் உண்மையானவை. என் பிழை அக்கேள்வியைக் கேட்டதில் இல்லை. 'சிதைவு' என்ற சொல்லில் இருந்தது. என் விரிதாளில் பாட்டியின் ஒவ்வொரு தொடரையும் பிரித்து, தமிழ்ச் சொல்லைக் கருப்பிலும் கன்னடச் சொல்லைச் சிவப்பிலும் குறித்திருந்தேன். பிழை திருத்தும் ஆசிரியர் பயன்படுத்தும் சிவப்பு. மணிப்பிரவாளத்தைப் புகழ்ந்து முதல் இயலைத் தொடங்கியவள், வடமொழியோடு கலந்தால் மணியும் பவளமும் என்றும் கன்னடத்தோடு கலந்தால் சிதைவு என்றும் அடுத்த இயலில் எழுதியிருந்தேன். இரண்டுக்கும் இடையே ஐம்பது பக்கங்கள்கூட இல்லை.

மேல்கோட்டைக்கு வந்ததும் ஒலிப்பதிவுக் கருவியை அறையில் வைத்துவிட்டுப் பாட்டியிடம் போனேன். மணியைக் கொடுத்தேன். கடலுக்கடியில் அது சாம்பலாக இருந்ததையும், விளக்கடித்ததும் சிவந்ததையும் சொன்னேன். வியந்து கேட்டார். பிறகு, அந்தச் சுருக்கத்தில் நான் எழுதியது தவறு என்றும், அதை மாற்றி அனுப்பிவிட்டேன் என்றும் சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அவர் அதற்கு மறுமொழி எதுவும் சொல்லவில்லை. செப்பைக் கொண்டுவரச் சொல்லி, புது நூலும் ஊசியும் எடுத்து, கண் சரியாகத் தெரியவில்லை, நீயே கோத்துக் கொடு என்றார்.

கோத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்நேரம் முழுவதும் அவர் பேசிக்கொண்டிருந்தார். தாய் வீட்டைப் பற்றி, கல்யாணியில் தெப்பம் பார்க்கப் போனதைப் பற்றி, யாரோ ஒரு அத்தையின் பிடிவாதத்தைப் பற்றி. முதலில் திருத்தமான தமிழ். ஏழெட்டு மணிகள் ஏறியதும் ஒரு கன்னடச் சொல் எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. 'ஹவள' என்றுகூட ஒருமுறை சொன்னார். பால் ஹாலு ஆனதும் பூ ஹூ ஆனதும் போலப் பவளத்தைக் கன்னடம் சொல்லும் முறை அது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊசியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிச்சுப் போட்டு மாலையை அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மணிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"இதுல சமுத்ரத்துக்குப் போனது எது?"

நானும் உற்றுப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

அவர் சிரித்துக்கொண்டே மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். எழுந்து போய் மோர்ப் பாத்திரத்தை எடுத்துவந்து என் குவளையில் ஊற்றினார். விளிம்பு வரை நிறைந்ததும் நிறுத்திக் கேட்டார்:

"சாகா?"